உன் அடுக்களைச் சுவரில் இரண்டு வளையல் கிளிகள்

என்னைப் பெற்றவளே, எனக்குத் தெரியாமல் சிரித்தவளே, என் அம்மா,

நாங்கள் நம் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். நீ இருக்கும்போதே இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நம் நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற உன் மருமகனுக்குத் தெலுங்கும் எழுத வரும் என்பதால் இந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். மாமியார் மட்டும் திருத்தணியை விட்டு நகரமாட்டேன் என்று மூத்த மகன் வீட்டில் இருந்துகொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கென்று ஓர் அடுப்படி. அதுவும் உன் அடுப்படி. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமை எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போனபடியேதான் இருந்தது எல்லாம். தரையோடு அடுப்பு, மூலையில் ஆளுயரத்துக்குப் பானை அடுக்கு, புகை போக ஒரே ஒரு ஓட்டை. குனிந்து சமைத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நின்றபடி சமைக்க ஒரு மேடை கட்டி, கிழக்குச் சுவரில் சின்னதாக ஒரு சன்னலும் வைக்கலாம் என்று நினைத்தேன். "கொத்தனாரைக் கூப்பிட்டா முடிஞ்சிபோச்சி" என்றார் உன் மருமகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ மெழுகிய தரையில் யாரோ ஒருவன் கடப்பாரையைப் போடுவதா? நானே செய்கிறேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துப் புளிக்கவிட்டேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, அவள் கொல்லையில் இடிந்துகிடந்த சுவரின் செங்கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். முதலில் கட்டிய மேடை கோணலாகப் போய், வைத்த பானை சாய்ந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினேன். கையெல்லாம் வெடித்துப்போயிற்று. ஆனாலும் அந்த நாட்களில் நீ பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

மேடை காய்ந்ததும் சுவருக்கு வெள்ளையடிக்கப் பானை அடுக்கை இறக்கி வைத்தேன். அந்த மூலை முழுக்கப் புகைக்கரி அப்பிக் கிடந்தது. தேங்காய் நாரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தேன். ஓரிடத்தில் பச்சையாக ஏதோ மின்னியது. இன்னும் தேய்த்தேன். கண்ணாடி. வளையல் துண்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று, சிவப்பு. அப்புறம் மஞ்சள்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உடைந்த வளையல்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் செய்த ஒரு கொடி, கொடியில் இரண்டு கிளிகள், சுற்றிலும் நைனா தறியில் போடுவாரே அந்தக் கோபுரக் கரை. கிளியின் மூக்குக்கென்று ஒரு சிவப்புத் துண்டைத் தேடி வளைவு பார்த்து வைத்திருந்தது. அம்மா, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீயா? உனக்கு இதெல்லாம் வருமா?

நினைவிருக்கிறதா, சின்ன வயதில் நான் ஈரச் சுவரில் புளியங்கொட்டையை ஒட்டிப் பூ செய்தேன். "அடுப்படியில இன்னா வெளாட்டு?" என்று ஒரே இழுப்பில் துடைத்துப்போட்டவள் நீ. நாள் முழுக்கத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றினாய். கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. நைனா போன பிறகு பேச்சும் குறைந்துபோயிற்று. என் அம்மா அப்படித்தான், அவளுக்கு விளையாடத் தெரியாது என்று நானே மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

"அதுவா?" என்றாள் அவள். "உங்கம்மாவும் அந்தத் தெலுங்கு வாத்தியார் பொண்டாட்டியும் பண்ணதாச்சே. ரமணம்மா. உங்க முன்னறையில வாடகைக்கு இருந்தாங்களே. வாத்தியாரு இஸ்கூலுக்குப் போய்ட்டா போதும், ரெண்டு பேரும் இங்க குந்திக்கினு சிரிச்சிக்கினு கெடப்பாங்க. உங்கம்மா சிரிக்கிற சத்தம் எங்க வூட்டு வரைக்கும் கேக்கும். உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நைனாவின் தறியை எடுத்த பிறகு, ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயம், வெதுருகுப்பத்திலிருந்து ஒரு வாத்தியார் குடும்பத்தை அந்த அறையில் வைத்தாய் என்று தெரியும். இரண்டொரு முறை அந்த ரமணம்மாவைப் பார்த்தும் இருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். உன்னை அக்கா என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நீ சிரிப்பாய் என்பது கன்னியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. உன் சிரிப்பின் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்று முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலையில் நான் செய்ததைக் கேள். மீந்திருந்த செம்மண்ணை அள்ளி அந்தக் கிளிகளின் மேல் அப்பினேன். கொடியை மூடினேன், கரையை மூடினேன், மட்டப்பலகையால் இழுத்துச் சமமாக்கினேன். சுவர் வெறும் சுவராகிவிட்டது. மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. சமைக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் ரகசியம் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

அதனால் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். வாத்தியாருக்கு அங்கே மாற்றலானது கன்னியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. புத்தூர் தாண்டும் வரை என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். எங்கம்மாவிடம் என்னதான் சொல்லி மயக்கினாய் என்று கேட்கலாமா? அவ்வளவு அசிங்கமாகவா கேட்பது?

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கதவைத் திறந்தவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "சரசுவா? அய்யோ, அக்கா மொகமே! ரா ரா, உள்ள வாம்மா" என்று கையைப் பிடித்து நேராக அடுப்படிக்கே கூட்டிப்போனாள்.

அங்கே நிலைப்படிக்கு மேல் ஒரு தோரணம். கழிவு நூலில் கட்டிய குஞ்சங்கள், அரக்கும் மஞ்சளுமாக. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது. நீ போடுகிற முடிச்சு. விளக்கு மாடத்தைச் சுற்றி மறுபடியும் வளையல், மறுபடியும் நைனாவின் கோபுரக் கரை.

"அக்கா இங்க வந்து இருந்தப்ப செஞ்சது" என்றாள்.

"இருந்தப்பவா? எங்கம்மா இங்க தங்கினாங்களா?"

"ரெண்டு மூணு வாட்டி. பிரம்மோற்சவம் பாக்க வந்தா ஒடனே வுட்டுடுவேனா? பத்து நாள், பன்னெண்டு நாள் இருக்கச் சொல்வேன்."

என் வீட்டில் நீ ஒரு ராத்திரி தங்கியதுண்டா அம்மா? பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பாய். திருத்தணிக்கு வந்தால் என் மாமியாருக்கு எதிரில் வாசற்பக்கமாக உட்கார்ந்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துவிடுவாய். நான் நீட்டுகிற மோரைக்கூட வாங்க மாட்டாய். இங்கே பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறாய், தின்றிருக்கிறாய், நூல் குஞ்சம் கட்டியிருக்கிறாய். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் கேட்டேன்.

"வளையல் வெச்சி வெளாட எங்கம்மாவுக்கு எப்டி மனசு வந்துச்சி? நைனா போனதும் வளையல கழட்டினவங்க அவங்க."

ரமணம்மா கோபப்படவில்லை. "நானும் அதான் பயந்தேன். வளையல்காரரு பொட்டியில ஒடஞ்சது நெறைய கெடக்கும், எனக்குச் சும்மா குடுப்பாரு. அக்கா அத கையில வெச்சி வெளிச்சத்துல பாத்துக்கினே இருந்தாங்க. வொத்தக்கா, வேணாங்க்கா, ஜனம் ஏதானா சொல்லும்னேன். 'கையில போட்டாத்தானேடி கேப்பாங்க, சுவத்துல போட்டா?'ன்னாங்க. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. யாரானா வந்தா தெரியக்கூடாதுன்னு பானைய அடுக்கி மறைச்சிடுவோம்."

இதைச் சொல்லும்போதே அவள் சிரித்தாள். நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்பது அவள் முகத்தில் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருந்தது. எனக்கு வரவேண்டிய மிச்சத்தை அவள் கையிலிருந்து பிச்சை வாங்குவது போல இருந்தது.

கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "என்னப் பத்தி ஏதாச்சும் பேசுவாங்களா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "லேதும்மா. பேசமாட்டாங்க" என்றாள். "மொதல்ல நான்தான் கேப்பேன், பொண்ணு எப்டிக்கா இருக்குதுன்னு. கேட்டா வேலை நின்னுபோவும். கையில இருக்கறத வெச்சிட்டு எழுந்து கொல்லப்பக்கம் போய்டுவாங்க. அப்பறம் நான் கேக்கறதையே வுட்டுட்டேன்."

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது, அம்மா? அப்போதும் இப்போதும் எனக்குப் புரியவில்லை.

காபி கொடுத்தாள். நான் வாங்கவில்லை. அப்போதுதான் அவள் குரல் மாறியது.

"உனக்கு என் மேல எரிச்சல். வரும்போதே மொகத்துல பாத்தேன். எனக்கு மட்டும் உன் மேல இல்லியா? அக்கா போனது எனக்கு எப்டித் தெரியும் தெரியுமா? அதே வளையல்காரரு இங்கயும் வருவாரு, அவருகிட்ட கைய நீட்டிக்கினு குந்தியிருக்கேன். 'நகரியில உங்க அக்கா போய்ட்டாங்களே, காரியம்கூட முடிஞ்சிபோச்சே'ன்னாரு. பாதி வளையலோட எழுந்துட்டேன். எங்க போவேன்? யாரு வூட்டுக்குப் போவேன்? நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்? வாடகைக்கு இருந்தவன்னா? நீ கட்டிப்புடிச்சி அழுதிருப்ப. எனக்கு அழறதுக்கு ஒரு எடம் இல்ல. எங்க வூட்டுக்காரரு, அவங்க நமக்கு இன்னா வேணும்னு இப்டி இருக்கறன்னு கேட்டாரு."

உன் சாவுக்கு யார் யாருக்கெல்லாம் ஆள் அனுப்பினோம். தூரத்துப் பங்காளிகளுக்குக்கூடப் போயிற்று. இவளை யாருக்கும் தோன்றவில்லை.

நான் மனம் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே பொறாமைதான் எழுந்தது. நீ போன பிறகு வந்தவர்களுக்குச் சோறு ஆக்கியதும், மாமியார் எங்கே உட்கார்ந்தார் என்று பார்த்ததும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அவளைப் போலப் பாதியில் எழுந்து நிற்க எனக்கு ஏன் தோன்றவில்லை? உன்னை இழப்பதிலும் அவள் என்னை முந்திக்கொண்டாளா?

காபியை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. "ஞாயித்துக்கெழம நகரிக்கு வா. அடுப்படிய வந்து பாரு" என்றேன். அக்கா என்று சேர்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை.

வந்தாள். மூலையில் நின்று வெறும் சுவரைப் பார்த்தாள். "நான்தான் மண்ணு பூசிட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரும் பழந்துணியும் கேட்டாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முதலில் சத்தமே இல்லை. கிளி தெரிகிற வரைக்கும் துடைத்திருப்பாள் போல. அப்புறம் வந்தது பார், "ஓ அக்கா" என்று ஒரு குரல். தெலுங்கில் ராகம் போட்டு, உன்னைப் பேர் சொல்லி, நீ செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். பாதி எனக்கு விளங்கவில்லை. தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். உன் சிரிப்பு இப்படித்தான் சுவர் தாண்டிக் கேட்டதோ என்னவோ.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கன்னியம்மா ஓடிவந்தாள். "இன்னாடி சரசு, யாரு பூட்டாங்க?"

"எங்கம்மா" என்றேன்.

"அது போயி வருசமாச்சேடி!"

"அவங்களுக்கு இன்னிக்குத்தான்" என்றேன்.

வந்தவர்களில் இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள், சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி. நானும் கதவோரம் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது. உனக்காகவா, எனக்காகவா, அவளுக்கு அப்படி அழ வருகிறதே என்ற ஆத்திரத்திலா, நீயே சொல்.

அழுகை அடங்கியதும் அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் புடவையைக் கொடுத்தேன். புது மேடையில் நின்று சோறு ஆக்கினேன். அவள் வேண்டாம் என்றாள். "ஒரு வாயி துன்னுட்டுப் போக்கா" என்றேன். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கிளிகள் இப்போது சுவரில் இருக்கின்றன. முன்னால் பானை இல்லை. வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்கிறார்கள். என் அம்மா செய்தது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, ரமணம்மாவும் என்று சேர்க்கிறேன். அந்தக் கொஞ்ச நேர இடைவெளியை மட்டும் எனக்கு விட்டுவிடு.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இனி ஒவ்வொரு வருடமும் உன் திதிக்கு முதல் சேதி திருப்பதிக்குத்தான் போகும். உனக்குப் படைத்த பிறகு முதல் இலை அவளுக்குத்தான். என் கையாலேயே பரிமாறுவேன். வயிறு எரிந்துகொண்டேதான் பரிமாறுவேன். ஆனால் ஒரு வருடமும் தவறமாட்டேன்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
சரசு