பைனான்ஸ்காரர் கையில் இல்லாத சாவி

அண்ணி,

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, உங்கள் மகள் கலா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பீரோ சாவி, வாசல் கதவுச் சாவி, தொலைந்துபோனதாக நீங்கள் வீட்டையே புரட்டிப்போட்ட டிரங்குப்பெட்டிச் சாவி. நடுவே கறுத்துப்போன ஒரு லாரிச் சாவி. "இத மட்டும் அம்மா கழட்டவே உடல, சித்தப்பா" என்றாள். அந்த லாரி காயலான் கடைக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசனை இல்லை. உங்கள் வெற்றிலை வாசனைதான் அடித்தது.

சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா உங்களைப் பற்றிப் பேச்செடுத்தார். நல்லவள்தானாம், ஆனால் திமிர் கொஞ்சம் ஜாஸ்தியாம். செத்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கும் தெரியும். மூடவில்லை. அந்தத் திமிரில்தான் இன்றைக்கும் என் இலையில் சோறு விழுகிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் பாயசத்தை வேண்டாமென்று எழுந்து போனார். போகட்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் இன்னொருவரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான் ஏற்றினால் பெங்களூரில் இறக்குவேன். முதுகு என்னுடையது, வாடகை முதலாளியுடையது. சொந்தமாக ஒரு பழைய வண்டியாவது வாங்கிவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. பேங்கில் என்னை நாற்காலியில்கூட உட்காரவைக்கவில்லை. பூந்தமல்லி பைனான்ஸ்காரர் உட்காரவைத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. சர்க்கார் சம்பளக்காரர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் இருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் ராணுவத் தளவாட ஆலைக்காரர்கள் கல்யாணத்துக்குக் கடன் தருவார்கள், ஆஸ்பத்திரிக்கு ரத்தம் தருவார்கள், லாரிக்காரனுக்கு மட்டும் கையெழுத்துத் தரமாட்டார்கள். மாதா மாதம் கட்டவேண்டிய டியூ நின்றால் பைனான்ஸ்காரர்கள் லாரியைத் தூக்கிக்கொண்டு போய் விற்பார்கள், மீதியை ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். பெரியப்பாவும் அதே ஆலைதான். டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, முடியாது என்று அனுப்பினார்.

உங்களிடம் நான் கேட்கவில்லை. அண்ணன் இறந்து, ஆலையில் அவர் வேலையை உங்களுக்குக் கொடுத்து ரொம்ப நாள் ஆகவில்லை. கலா கைக்குழந்தை. அந்தச் சம்பளத்தில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வாசலிலேயே மறித்தீர்கள்.

"ஊரெல்லாம் கேட்டுகினு வர. என்னாண்ட ஏன் கேக்கல? என் கையெழுத்து இன்னா கோணலா கீதா?"

புருஷன் வேலையில் உட்கார்ந்துகொண்டு கொழுந்தனுக்கு லாரி வாங்கித் தருகிறாள் என்று குவார்ட்டர்ஸில் பேசினார்கள். இன்னும் என்னென்னவோ பேசினார்கள். அதையெல்லாம் இங்கே எழுதி அந்த வாய்களுக்கு மரியாதை செய்யமாட்டேன்.

பைனான்ஸ் ஆபீசில் எல்லாக் காகிதமும் தயார். கடன் தீரும்வரை வண்டியின் இரண்டாவது சாவி அவர்களிடம் இருக்கும், அது அந்தத் தொழிலின் வழக்கம் என்று கிளார்க் சொன்னார். பணம் நின்றால் வந்து எடுத்துக்கொண்டு போக வசதி. நான் தலையாட்டினேன். நீங்கள் பேனாவுக்கு மூடி போட்டீர்கள்.

"வண்டி போனா என் சம்பளம்தானே போவுது? அப்ப அந்தச் சாவி என்னாண்ட இருக்கட்டும்."

கிளார்க் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, பேனாவையும் திறக்கவில்லை. சர்க்கார் கையெழுத்து எழுந்து போய்விடுமோ என்று பைனான்ஸ்காரருக்குப் பயம் வந்துவிட்டது. வெளியே யாரிடமும் சொல்லாதே அம்மா, எல்லா லாரிக்காரனும் கேட்பான் என்று முனகியபடி சாவியைத் தள்ளினார். அதை அப்போதே இடுப்பில் செருகினீர்கள்.

மாங்காட்டுக் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டபோது, பெரியம்மா உங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார். தாலி இல்லாதவள் முதலில் எதிரே வரக்கூடாதாம். எதிரே வரவில்லை நீங்கள். நேராகப் போய் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏறியபோது உள்ளே இருந்தது நீங்களும் நானும்தான். அன்று பெரியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம், நான் நம்பியிருந்த அம்பத்தூர் கம்பெனி கதவடைத்தது. லோடு இல்லை. டியூ நின்றது. திருமழிசைப் பக்கம் புது லோடு பேசி முடித்திருந்தேன், ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அன்று காலையில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். பைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய டிரைவர் வரவேண்டியிருந்தது. இன்னொரு சாவி தங்கள் ஆபீசில் தொங்குகிறது என்ற நினைப்பு அவர்களுக்கு. அதை உங்களிடம் கொடுத்ததைப் பைனான்ஸ்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு அவர்களிடம் சொல்லவே இல்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு, நிம்மதியாக எதிரே டீக்கடைக்குப் போனார்கள்.

நான் துணியைப் பிடித்தபடி நின்றேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். நீங்கள் டிபன் பாக்ஸோடு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், டீக்கடையைப் பார்த்தீர்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து சாவியை உருவினீர்கள்.

"எடு தம்பி வண்டிய."

எங்கே போவதென்று கேட்டேன். "பூந்தமல்லிக்கு. அவன் ஆபீசுக்கே" என்றீர்கள். டீ கிளாசோடு ஓடிவந்த இரண்டு பேரையும் கண்ணாடியில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. வழி முழுக்க நீங்கள் டிபன் பாக்ஸ் சாயாமல் மடியில் பிடித்திருந்தீர்கள்.

ஆபீஸ் வாசலை அடைத்து நிறுத்தச் சொல்லி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். பைனான்ஸ்காரர் வெளியே வந்தார். நீங்கள் இறங்கவில்லை.

"ஆள் உட்டுத் தேட வேணாம், வண்டி உன் வாசல்லயே கீது. இட்டுகினு போறதுன்னா என்னையும் சேத்து இட்டுகினு போ. இல்ல, ஓட உடு. ஓடினாத்தானே உனக்கு டியூ வரும்?"

ரோட்டில் கூட்டம் கூடியது. அவர் உங்கள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு சாப்பிட ஆரம்பித்தீர்கள். பாதி முடிவதற்குள் பொங்கல்வரை தவணை கொடுத்துவிட்டார். அன்று உங்களுக்கு ஆலையில் ஒரு நாள் சம்பளம் போயிற்று. மீதிச் சோற்றை எனக்குத் தந்தீர்கள். திருமழிசையில் லோடு ஏறும்போது அதைத்தான் தின்றேன்.

கடன் தீர்ந்த அன்று சாவியைக் கேட்டேன். "இருக்கட்டும், உன்ன நம்ப முடியாது" என்றீர்கள். அதற்கப்புறம் நான் வாங்கிய எந்த வண்டிக்கும் பைனான்ஸ்காரனிடம் இரண்டாவது சாவி கொடுத்ததில்லை. தராவிட்டால் கடன் இல்லை என்பார்கள். வேண்டாம் என்று எழுந்து அடுத்த கடைக்குப் போவேன். எனக்கும் திமிர் பிடித்தவன் என்ற பேர் வந்துவிட்டது, அண்ணி. உங்கள் உபயம்.

நேற்று, இப்போது ஓடுகிற வண்டியின் இரண்டாவது சாவியைக் கலாவிடம் நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"பைனான்ஸ்காரன் வந்தா நானும் ஏறி உக்காரணுமா, சித்தப்பா?"

"உக்காருவியா?"

"டிபன் பாக்ஸோட" என்றாள்.

உங்கள் கொத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். கறுத்த சாவி மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதைச் சிதையிலேயே போட்டிருக்க வேண்டும், செத்தவள் சாவியை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார் பெரியம்மா. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.