தாங்கலை மறந்த வரைபடம்

இன்று காலை உலையில் அரிசியைப் போட்டதும் வீடெங்கும் புது நெல்லின் வாசனை எழுந்தது. நேற்று உன் தம்பி பையில் கட்டிக் கொடுத்த அரிசி. "நம்ம தாங்கல் தண்ணியில வெளைஞ்சது டீச்சர்" என்றான். கரண்டியும் கையுமாக அடுப்பருகே நின்றபடியே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனி நேரில் சண்டை போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் பள்ளிக்குப் பொன்விழா வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மலரில் ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதும் வேலையைத் தலைமையாசிரியர் நம் இருவர் தலையிலும் கட்டினார். உனக்கு வரலாறு, எனக்குப் பூகோளம் என்று பிரித்துக்கொண்டோம். நீ திருமலைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சமணக் குகைகளைப் பார்த்து வந்தாய். ஆரணியில் வயதானவர் ஒருவரையும் விடாமல் பிடித்து உட்காரவைத்துப் பழைய கதை கேட்டாய். "பேஜார் புடிச்ச வேலைடி இது, ஆளுக்கு ஒரு நவாப் சொல்றாங்க" என்று நோட்டை என் மேஜைமேல் போட்டுவிட்டுச் சிரித்தாய்.

நான் படம் வரைந்தேன். மேற்கே ஜவ்வாது மலை, கமண்டல நாகநதி, சேத்துப்பட்டு ரோடு, அரிசி ஆலைகள், தறித் தெருக்கள் எல்லாம் வந்தன. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த பெரிய வெட்டவெளிக்குப் பழுப்பு வண்ணம் தீட்டி "பாவு மைதானம்" என்று எழுதினேன். கோட்டை விட்டது அங்கேதான்.

அது மைதானமே இல்லை. தாங்கல், சின்ன ஏரி. ஆனால் நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். பாவு என்பது தறியில் ஏற்றும் நெடுக்கு இழை. அந்தப் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிய எங்களுக்கு நீண்ட இடம் வேண்டும். தாங்கல் காய்ந்ததும் எங்கள் தெருவே அதில் இறங்கிவிடும். போதாக்குறைக்கு அந்த மூன்று வருஷமாக மழையும் சரியில்லை. அந்தத் தண்ணீரை நம்பியிருந்த வயல்களெல்லாம் கரைக்கு அந்தப் பக்கம், உன் ஊரில் இருந்தன. எங்களுக்குப் பாவு இழுக்க இடம் கிடைத்தால் போதும். நீயோ, "நீ வரைஞ்சா கரெக்டா இருக்கும்" என்று படத்தைப் பார்க்காமலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டாய்.

நாலைந்து வருஷம் கழித்துத் தாங்கலுக்குள் வரிசையாக வெள்ளைக் கற்கள் முளைத்தன. மனை போட்டு விற்க வந்தவர்கள் என் படத்தை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை டீக்கடையாகக் காட்டினார்கள். "ஏரியா? டீச்சருங்களே மைதானம்னு போட்டுக்கிறாங்க, பாருங்க!"

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நீ என் வகுப்புக்குள் வந்து நின்றாய். "இன்னாடி பண்ணி வெச்சிக்கிற? எங்க வயித்துல அடிச்சிட்டியே! தாங்கல் பூட்டா எங்க ஜனம் எங்கடி போவும்?"

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. எனக்கு மானம் போயிற்று. இரண்டு வாரம் நீ என்னோடு பேசவில்லை. மத்தியானம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாய். எனக்கும் ரோஷம் வந்தது. சரிபார்க்காதது யாராம் என்று மனசுக்குள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. உன் ஊர் வயல் காய்ந்தால் அதற்கு நான்தான் காரணம், அது எனக்குத் தெரியாதா?

மூன்றாவது வாரம் நீயே வந்தாய். "நாளைக்கு ஆபீசர் வந்து பாக்கறாராம். நீயும் வா. ஜல்தியா வா, சீவிச் சிங்காரிச்சிகினு நிக்காத."

தாங்கலில் உன் ஊரார் ஒரு பக்கம், எங்கள் தெரு ஒரு பக்கம், நடுவில் அதிகாரி. அவரிடமிருந்த பழைய பதிவேட்டில் ஏரி என்றுதான் இருந்தது. "அது வெள்ளக்காரன் காலத்துல சார். இப்போ எங்க தண்ணி நிக்குது?" என்று மனைக்காரர்கள் என் படத்தை நீட்டினார்கள்.

"இதை வரைஞ்சது யாரு?" என்றார் அதிகாரி.

நான் எங்கள் தெருக்காரர்களுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதற்குள் நீ, "படம் தப்பு சார், அத உடுங்க. தண்ணி நிக்குதா இல்லியான்னு நெசவுக்காரங்களக் கேளுங்க. தோ, இவங்க அந்தத் தெருதான்" என்று என்னை முன்னால் தள்ளினாய்.

அப்புறம்தான் வாயைத் திறந்தேன். "நல்ல மழை வருஷத்துல ஐப்பசி பொறந்துட்டா இங்க பாவு போட முடியாதுங்க சார். தண்ணி வந்துடும். அப்புறம் தெருவுலதான் இழுப்போம். ஒரு வருஷம் எங்கப்பா பிடிவாதமா இங்கியே போட்டாரு. முட்டியளவு தண்ணியில நின்னுகினு பாவச் சுருட்டினோம்."

"ஆமாங்க, நானும் கூட நின்னு சுருட்டினேன்" என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர். பிறகு தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. அந்த மாதமே கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த மழையில் தாங்கல் கரை தொட நிரம்பியது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். அப்பாடா என்றிருந்தது. ஆனால் யார் வரைந்தது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. உன் ஊரார் என்னைக் கண்டால் கும்பிடுவார்கள். மன்னித்துவிட்டார்கள், பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் நினைவு ஜெபம் முடிந்ததும் உன் தம்பி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா படத்தத் தப்பா வரைஞ்சி ஊர மாட்டி வுட்டுடுச்சி. நீங்கதான் வந்து காப்பாத்துனீங்க டீச்சர்."

அவன் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் உன் ஊர்க் கூட்டத்தில் யார் வரைந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான்" என்றிருக்கிறாய். சாகும்வரை அந்த ஏச்சு உன்மேல் இருந்திருக்கிறது. அத்தனை வருஷம் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? அழுத்தக்காரி!

"இல்ல தம்பி, வரைஞ்சது நான். உங்க அக்கா அதுல ஒரு கோடுகூடப் போடல" என்றேன். சத்தமாகவே சொன்னேன். இனி இந்த ஊரில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது என்றே நினைத்தேன்.

உன் தம்பி என்னையே பார்த்தான். "இம்மா வருசமா அக்காவத் திட்டிகினே இருந்தனே டீச்சர்" என்று விசும்பினான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரம் தவறாம கோயிலுக்குப் போறவ, எப்டி அசராம பொய் சொல்லிக்கிறா பாருங்க!" என்றான். ஜெபத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேற்றுதான் எனக்கு நன்றாக மூச்சு வந்தது.

இனி உன்னை யாரும் ஏச மாட்டார்கள். அந்தத் தப்பை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கனக்கவே இல்லை.