சிரிப்பு வாயு கசிந்த குழாய்

சியாயி
மே 19

அன்புள்ள பெய்-ரூவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமல் வைத்துவிடாதே. போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் நான் பாதியை விழுங்கிவிடுவேன் என்று உனக்கே தெரியும்.

மாகோங்கில் காற்று இப்போது அடங்கியிருக்கும். முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினாய்? அந்தத் தீவுக் காற்றில் குடை பிடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான் என்று ஒரு நோயாளி சொன்னார். நீ இன்னும் குடை பிடிக்கிறாயா?

இங்கே ஒரு செய்தி. அதை உனக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். போன மாதம் நம் ஆஸ்பத்திரியின் எட்டு அறுவை அரங்குகளுக்கும் மயக்கத்துக்கென்று போகும் சிரிப்பு வாயுக் குழாயை மூடிவிட்டார்கள்.

போன அக்டோபரில் நடந்த அறுவைப் பிரிவுக் கூட்டம் எனக்கு மறக்கவில்லை. நீ எழுந்து நின்று, "நோயாளிங்க மூச்சுல போறதைவிட குழாய்ல கசியறதுதான் அதிகம். மேல போனா நூறு வருஷத்துக்கு அங்கேயே நின்னு சூட்டைப் பிடிச்சு வைக்கும்" என்றாய். நம் மூத்த அறுவை நிபுணர் டாக்டர் தூ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, நாங்க இங்க உயிரைக் காப்பாத்தறோம். வானத்தைக் காப்பாத்தணும்னா வானிலை ஆபீஸ்ல போய்ச் சேரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பி, "அக்காவும் என்கூடச் சேர்ந்து எண்ணினாங்க, கேளுங்க" என்றாய்.

ஆறு வாரம் நாம் இருவரும் காலி சிலிண்டர்களை எண்ணினோம். ஆனால் நான் என்ன சொன்னேன்? "எனக்கு அதெல்லாம் சரியாத் தெரியாது, டாக்டர்."

நீ என்னை முறைத்திருக்கலாம். ஆனால் கணினியை மூடிவிட்டு உட்கார்ந்தாய். மாதக் கடைசியில் தீவுக்குப் போய்விட்டாய். நான் அன்று அப்படிச் சொன்னதற்குக் காரணம் எதுவும் அடுக்கப் போவதில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

இந்தச் சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு நான்தான் பொறுப்பில் இருந்தேன். அவசரத்துக்கென்று ஒரே ஒரு அரங்கு திறந்திருந்தது. ஒரு குடல்வால், ஒரு பிரசவம். இரண்டிலும் அந்த வாயுவைத் தொடவே இல்லை. விடுமுறை தொடங்கும் முன் பராமரிப்புப் பிரிவு ஆ-சாய் சிலிண்டர் அறையில் குழாயின் இரண்டு பக்கமும் புது சிலிண்டர்கள் மாட்டினதை நானே பார்த்தேன். ஐந்தாம் நாள் காலையில் அங்கே வந்தால், ஒரு பக்கம் முழுக்கக் காலி என்று சிவப்பு விளக்கு எரிகிறது.

இயந்திரம் ஒழுங்காக ஓட வேண்டும் என்று நம் ஆட்கள் தொங்கவிடுவார்களே பச்சைத் தின்பண்டப் பை, ஆ-சாய் அதையும் அங்கே மாட்டியிருந்தார். "பச்சைப் பையைப் பார்த்தும் இது அடங்கலையே, அக்கா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாலு நாளா இதை ஒருத்தரும் இழுக்கல. அப்புறம் யார் குடிச்சா?" என்று கேட்டேன். அவர் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, தூரிகையால் குழாய் மூட்டுகளில் தடவினார். அறைக்குள் இருந்த மூட்டுகளிலேயே இரண்டில் நுரை பொங்கியது, சோறு கொதிக்கிற மாதிரி. உச்சவரம்புக்கு மேலே ஓடுகிற மூட்டுகள் எத்தனையோ.

உன் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் ஹூங்கைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நல்ல பிள்ளை. தரையில் மண்டியிட்டு அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத்தானே டாக்டர் பெய்-ரூ சொன்னாங்க?" என்றார். "ஆமாம், நானும் கூட இருந்தேன்" என்றேன்.

மார்ச் கூட்டத்தில் நான் எழுந்தேன். டாக்டர் தூ வழக்கம்போல, "என்ன ஷூ-யிங், உனக்கும் காத்துப் பிடிச்சிருச்சா?" என்றார். அதே சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டேன். "போன தடவை தெரியாதுன்னு சொன்னேன், டாக்டர். அது பொய். பெய்-ரூ சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. கூட நின்னு எண்ணினவ நான்" என்றேன். சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, மூடித் தொலைங்க. என் நோயாளி அசையாமப் படுத்திருந்தா எனக்குப் போதும்" என்றார்.

மூடி ஐந்து வாரமாகிறது. தேவைப்பட்டால் என்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் சின்ன சிலிண்டர் இருக்கிறது. அநேகமாக யாரும் கேட்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சிரிப்பு வாயுவைவிட அதிகமாகச் சூட்டைப் பிடிக்கும் என்று நீ சொன்ன நீல லேபிள் மயக்க மருந்தை டாக்டர் ஹூங் அலமாரியில் பூட்டினார். ஆனாலும் இரண்டு பேர் சாவி கேட்டு வருகிறார்கள். அதைக் கொடுத்தால் நோயாளி சீக்கிரம் விழிப்பார்; அப்போதுதானே டாக்டர் தூவுக்கு அடுத்த ஆளை ஏற்ற முடியும்? காலி அரங்குகளில் குளிர்காற்று இன்னும் ஓடுகிறது. தையல் நூல் பொட்டலத்தை மட்டும், கேட்கும் வரை பிரிக்கக் கூடாது என்று என் நர்ஸ் பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பிரித்துவிட்டுத் தொடாமலே எரிக்க அனுப்பின பொட்டலங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி என் சமாசாரம். பெரிதாக ஒன்றுமில்லை. ஊழியர் பரிசோதனையில் வலது மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. சின்னதுதான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் இப்போதே எனக்கு ஆபரேஷன் ஆகிவிட்ட மாதிரி தினமும் மீன் சூப் வைக்கிறார். வேண்டாம் என்றால் கண் கலங்குகிறார். அதனால் குடித்துவிடுகிறேன்.

டாக்டர் தூ என் அறைக்கே வந்து, "தலைமை டாக்டர்கிட்ட நானே பேசறேன். உன்னை நல்லாப் பார்த்துக்கச் சொல்றேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். நன்றி சொன்னேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் கருவி எடுத்துக் கொடுத்த அறையில் என்னால் படுக்க முடியாது என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமைகளில் உங்கள் தீவுக்கு வருகிற அறுவை நிபுணரிடம் பேசினேன். ஜூன் இரண்டாவது வியாழன் முடியும் என்றார். பூதாய் துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம்தானே. ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "மயக்கம் தர்றது டாக்டர் பெய்-ரூ. அவங்க சரின்னு சொல்லணும்."

என்ன மருந்து, எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். முகமூடியை என் முகத்தில் வைப்பது உன் கையாக இருக்க வேண்டும். கண் செருகும் வரை தலைமாட்டில் நில். விழிக்கும்போதும் நீ அங்கே இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எந்த ஊர்க் காற்றில் இருந்தாலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வரலாமா என்று மட்டும் ஒரு வரி எழுது, பெய்-ரூ.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஷூ-யிங்