‘பாப்போம்’ என்றாய், ‘பார்போ’ என்று கேட்டது

இன்று காலை டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து மேலே ஏறி வந்ததும் குப்பென்று அடித்தது அந்த வாடை. எங்கோ குளம் வாரியிருக்கிறார்கள். ஆகாயத்தாமரையை ஈரம் சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி ஆட்டோ வரிசைக்குக் குறுக்கே நின்றது. ஆபீசுக்குப் போகிற கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. நான் மட்டும் நின்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். ஒரு ஆட்டோக்காரர், “கீ ஹோலோ, தீதி?” என்ன ஆச்சு அக்கா என்று கவலையாக விசாரித்தார். ஒன்றுமில்லை, சிநேகிதி ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அழுகிய செடி நாற்றத்தில் வருகிற சிநேகிதி எப்படிப்பட்டவள் என்று அவர் யோசித்துவிடுவாரோ என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

உனக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை. அடுத்த கட்டடத்தில் குடியிருந்தவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், “என்னட்டி, காலையிலேயே கூப்பாடு?” என்று எட்டிப்பார்ப்பாய். இப்போது அந்த ஜன்னலில் வேறு யாரோ துணி உலர்த்துகிறார்கள். அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

ரயில்வே மாற்றலில் பாளையங்கோட்டையிலிருந்து தனியாக வந்து இறங்கியவள் நீ. என் குடும்பம் தாத்தா காலத்திலேயே இங்கே கொல்கத்தாவில் வேரூன்றிவிட்டது. என் தமிழைக் கேட்டு நீ சிரித்தாய். உன் வங்காளத்தைக் கேட்டு காலனியே சிரித்தது. மீன்காரரிடம் நீ ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவர் மீனை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார், மேற்கொண்டு கேட்கப் பயந்து.

நம் தமிழ்ச் சங்கத்தின் மாணவர் முகாமுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அப்போதெல்லாம் முகாம் என்றால் மேடை, மாலை, சொற்பொழிவு. கோட்டுப் போட்ட ஒருவர் வந்து தலைமைப் பண்பைப் பற்றிப் பேசுவார். கடைசியில் சங்கச் செயலாளரின் பையனுக்குத் தலைவர் என்று ஒரு பேட்ஜ் குத்துவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். முதல் நாளே நீ என் காதில் சொன்னாய். “தலைமைன்னு அவரு பேசப் பேச பிள்ளைங்க தலையெல்லாம் தொங்கிப்போச்சு, பாருட்டி.” நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருடம் முகாம் உன் கைக்கு வந்தது. மேடையை எடுத்தாய், மாலையை எடுத்தாய், கோட்டுக்காரரையும் எடுத்தாய். ஒரே ஒரு சட்டம் போட்டாய், அதுவும் பிள்ளைகளுக்கு இல்லை, எங்களுக்கு. “முகாமுக்குள்ள வந்தா பெரியவங்க கையப் பின்னால கட்டிக்கிடணும். வாயையும் சேத்துத்தான்.” என்ன வேலை செய்வது என்று பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும். அதற்காக யாரிடம் பேச வேண்டுமோ அவர்களே போய்ப் பேச வேண்டும். சண்டை வந்தால் அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் காலனியின் வங்காளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டாய். முதல் நாள் அவர்கள் வைத்த சாம்பாரில் புளியே இல்லை. செக்டர் ஃபைவ் ஆபீசில் ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்குகிற எனக்குக் கை துறுதுறுத்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். புளியில்லாத சாம்பாரை நாமும்தான் சாப்பிட்டோம். மறுநாள் யாரும் சொல்லாமலே புளி வந்துவிட்டது.

அந்த வருடம் அவர்கள் தேர்ந்தெடுத்தது காலனிக்குப் பின்னால் இருந்த குளம். குளம் என்று நம் நினைப்பில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது கரையோடு கரை பச்சைப் பாய். ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியாது. மழைக்காலம் வந்தால் கொசு, கொசு வந்தால் டெங்கு. அதை மண்ணடித்து மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று ஒரு கோஷ்டி சத்தமில்லாமல் கிளம்பியிருந்தது. இப்போது விட்டால் குளம் போய்விடும் என்று பிள்ளைகள் துடித்தார்கள். பேட்டைக்காரர்களின் பாடா கிளப்பில் கூட்டம் போட்டார்கள். கிளப் செயலாளர் பாப்லுதா நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் துர்கா பூஜையைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் ஒட்டாது. பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஷோபனா பிள்ளைகள் சார்பில் எழுந்து நின்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது பாவம். பாப்லுதா பொறுமையாகவே கேட்டார், “தோம்ரா பார்பே?” உங்களால் முடியுமா என்று.

கேள்வி உனக்குப் புரிந்தது. நீ என் பக்கம் குனிந்து, நம்மூர்ப் பெரியவர்கள் எதற்கும் பிடிகொடுக்காமல் சொல்வார்களே, அதே மாதிரி நல்ல தமிழில் முணுமுணுத்தாய்: “பாப்போம், பாப்போம்.”

உன் முணுமுணுப்பு எந்தக் காலத்தில் முணுமுணுப்பாக இருந்தது? கூடம் முழுக்கக் கேட்டது. ஆனால் வங்காளிக் காதில் விழுந்தது ‘பார்போ, பார்போ’. முடியும், கண்டிப்பாக முடியும்! பிறகு கைதட்டல் என்றால் அப்படிக் கைதட்டல். பாப்லுதா எழுந்து வந்து உன்னைக் கும்பிட்டார். பூஜைக்கு முந்தின மகாலயா அமாவாசைக்குள் குளம் தெரிந்தால் ஒரு மண் லாரியும் உள்ளே வராது, அது தன் பொறுப்பு என்றார். தெரியாவிட்டால் தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொன்னார். நீ ஒன்றும் விளங்காமல் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

வாசலுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாய். சட்டென்று சிரிப்பு நின்றது. “ஏட்டி, பிள்ளைங்க சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேனே” என்றாய். போட்ட சட்டத்தை நீயே மீறியிருந்தாய், அதுவும் தெரியாமல். அங்கேயே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். “வாய் தவறிப் போச்சு மக்கா. நீங்க வேண்டாம்னா நானே போயி அவருகிட்ட இல்லன்னு சொல்லிட்டு வாரேன். எனக்கு அதுல கௌரவக் குறைச்சல் கிடையாது. முடிவு உங்களுது.”

அவர்கள் நம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படிக்கட்டில் மண்குவளைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம்.

“ஏட்டி, இதுக மாட்டோம்னு சொல்லிட்டா?”

“சொன்னா நீ போய் மன்னிப்புக் கேளு. உன் வங்காளத்துல கேட்டா பாப்லுதா கொல்கத்தாவை விட்டே ஓடிடுவார்.”

உனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அவ்வளவு பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குளம் போய்விடுமே என்று மட்டும் இல்லை. உன்னால் இழுத்துவிடப்பட்டுத் தோற்றால் அந்தப் பிள்ளைகள் இனி எதற்கும் வாய் திறக்க மாட்டார்களே என்றுதான் பயந்தாய். கதவு திறந்தது. ஷோபனா நேராக உன்னிடம் வந்தாள். “ஆன்ட்டி, நீங்க சொன்னது கணக்குல வராது. இது நாங்க சொல்றது. பார்போ.” இந்த முறை அவள் நாக்கு ஒட்டவில்லை.

சொல்வது சுலபம். மூங்கிலும் கயிறும் வைத்து இழுத்து இழுத்துக் கிழக்கு மூலையைச் சுத்தம் செய்தார்கள். முதல் முதலாக அங்கே தண்ணீர் தெரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காலனி ஜன்னலெல்லாம் திறந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரவில் அடித்த காற்றில் மிச்சப் பாய் நகர்ந்து வந்து சுத்தம் செய்த இடத்தை மூடிக்கொண்டு ஒய்யாரமாகக் கிடந்தது, ஊதாப் பூ வேறு. சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள். டியூஷன் கெடுகிறது என்று சில வீடுகளில் தடுத்துவிட்டார்கள். ஆள் பாதியாகக் குறைந்தது. கூலிக்கு ஆள் வைத்து வாரிவிடலாம், ஒரு போன் போதும் என்று நான் குதித்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் போன் பைக்குள் போய்விட்டது. “அவங்க நம்மகிட்ட கேக்கலியே” என்றாய். உன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சாயங்காலம் ஷோபனாவும், எதிர்வீட்டு வங்காளிப் பையன் ரிஜுவும் பாப்லுதாவைப் பார்க்கப் போனார்கள். நாம் எதிரே டீக்கடையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றோம். உதவி கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா முறை வைத்து அவள் கேட்டது வேறு. “காக்கு, இந்த வருஷப் பந்தலை ரோட்டைப் பார்த்துப் போடாமல் குளத்தைப் பார்த்துப் போட்டால் என்ன? ஒரு பந்தல் செலவில் உங்களுக்கு இரண்டு பந்தல். ஒன்று கரையில், ஒன்று தண்ணீரில்.” பாப்லுதா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பச்சைப் பாய்க்கு மேல் அவர் கண்ணில் அப்போதே விளக்குகள் எரிவது எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னதைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொன்னாய். சொன்னேன். “எம்மா! யாரு சொல்லிக் குடுத்தா இவளுக்கு?” என்று வாயில் கைவைத்துக்கொண்டாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனிதருக்கு எதில் உயிர் என்று அவளே கவனித்திருக்கிறாள்.

அப்புறம் நடந்தது திருவிழா. பந்தலுக்கென்று வந்து இறங்கியிருந்த மூங்கிலெல்லாம் முதலில் குளத்துக்குப் போனது. வாரின இடத்துக்குள் செடி மறுபடி வராதபடி மூங்கிலைக் கட்டி மிதக்கவிட வேண்டும் என்பது ரிஜுவின் யோசனை. கிளப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நிறுத்திவைத்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். கூடவே அப்பாக்களும் வந்தார்கள். ஷோபனா எனக்குக் கூடை சுமக்கிற வேலை கொடுத்தாள். நடுவில் நின்று கதை பேசினேன் என்று அதட்டவும் செய்தாள். நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். மகாலயாவுக்கு முந்தின நாள் கடைசிக் கொத்தை எல்லாரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றினார்கள். குளம் முழுக்க வானம்.

பூஜை தொடங்குகிற சஷ்டி அன்று மாலை விளக்கு போட்டார்கள். தாக் மேளம் அதிர, பந்தல் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று ஆடியது. காளிகாட்டிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து பார்த்தது. பாப்லுதா மைக்கில் உன்னைக் கூப்பிட்டார். நீ அசையவில்லை, ஷோபனாவையும் மற்றவர்களையும் முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளினாய். லாரி வரவேயில்லை. குளம் இன்றைக்கும் இருக்கிறது, நீ போன பிறகும்.

நீ போன அன்று நடந்தது உனக்குத் தெரியாதல்லவா, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் போனில் கத்திக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் ஊரிலிருந்து வர வேண்டும், வண்டிக்குச் சொல்ல வேண்டும், சங்கத்துப் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தைக்கூட நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அப்போது சால்ட் லேக் ஆபீசிலிருந்து ஷோபனா வந்தாள். பின்னாலேயே ரிஜு, அந்தக் குளத்துப் பிள்ளைகள் எல்லாரும், வளர்ந்து தாடியும் புடவையுமாக. ஷோபனா என் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்துக்கொண்டாள். “நீங்க அழுங்க ஆன்ட்டி. மத்ததெல்லாம் எங்க வேலை.”

உட்கார்ந்து அழுதேன். என் வாழ்க்கையில் எந்தச் சாவு வீட்டிலும் எனக்கு அழ நேரம் கிடைத்ததில்லை, உனக்குத்தான் மனசார அழுதேன். நிமிர்ந்து பார்த்தபோது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. உன் அண்ணனைக் கூட்டிவர ஒருவன் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தான். நம் முறைப்படி செய்ய ஆள் வந்தாயிற்று. பெரியவர்கள் கையில் டீ இருந்தது. ஒருவரும் ஒருவரைப் பார்த்து அடுத்து என்ன என்று கேட்கவில்லை. அவர்கள் கண்ணும் சிவந்துதான் இருந்தது, ஆனால் ஒரு வேலையும் நிற்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு விம்மியது. துக்கத்தில் இல்லை, பெருமையில். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து, உன் அறை வாசல் வரைக்கும் வேகமாக நடந்துவிட்டேன். கதவில் கைவைத்த பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அந்தச் செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதோ சொல்லிவிட்டேன்: ஜெயிச்சுட்டடி நீ.