மாடியில் இரண்டு பேர்

செகந்திராபாத்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிளெசிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அயர்லாந்தில் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை, முழங்கால்தான் மழைக்கு வலிக்கிறது. இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய், போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான்.

மாடி போர்ஷனில் நீமா என்று டான்சானியாப் பெண் குடியிருக்கிறாள் என்று சொன்னேனே, பார்மசி படிக்கிறவள், நம்ம சர்ச்சுக்குத்தான் வருவாள். ஜூன் மாதத்திலிருந்து மத்தியானத்தில் மேலே இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்டது. ஒன்று அவளுடைய செருப்புச் சத்தம். இன்னொன்று வெறுங்கால், கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்கிற நடை. தோழி யாரோ என்று நினைத்தேன், ஆனால் கேட்டைத் திறந்து ஒருத்தரும் வந்து நான் பார்க்கவில்லை. ஒரு நாள் மீன் குழம்பு கொடுக்கப் போனேன். மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். காலி நாற்காலியில் உட்காரப் போனேன், அதில் வேண்டாம் ஆன்ட்டி, உபெண்டோ உட்கார்ந்திருக்கிறாள் என்றாள், மரியாதையாகத்தான். யாரும்மா உபெண்டோ என்றேன். என் அக்கா, போன வருஷம் ஊரில் இறந்துவிட்டாள் என்று அதே குரலில் சொன்னாள். எனக்கு அறுபத்தொரு வயது, இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனாலும் நான் உட்காரவில்லை பிளெசி. நின்றபடியே குழம்பை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்கா இறந்தபோது விசா காகிதங்கள் முடியாமல் இவளால் அடக்கத்துக்குப் போக முடியவில்லையாம். அப்பா பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ண வைத்தார். மறுநாள் அவள் என்னிடம், ஏன் எல்லாரும் அவளை விரட்டப் பார்க்கிறீர்கள், காலேஜுக்குப் பட்டான்செரு போகிற ஷேர் ஆட்டோவில் இடம் இருந்தாலும் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அவள் மட்டும்தான் உட்காருகிறாள் என்றாள். எதிர்வீட்டுக் காஞ்சனா, பயமாக இருக்கிறது, காலி பண்ணச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை வந்து சொன்னாள். நானும் அதைக் கொஞ்சம் யோசித்தேன், உன்னிடம் மறைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், காலை பதினோரு மணி, நல்ல வெயில், துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். நீமா கைப்பிடிச் சுவர்மேல் நிற்கிறாள். ஒரு கையை வெளியே நீட்டி, யாருடைய கையையோ பிடித்ததுபோல விரல்களை மூடியிருக்கிறாள், முகத்தில் சிரிப்பு. கத்தினால் விழுந்துவிடுவாள். என் வாயில் என்ன வந்ததென்றால், நீமா, சாப்பாடு ரெடி, அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேருக்கும் எடுத்து வைக்கிறேன் என்று. அவள் அந்தப் பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியாது, நானும் கூடவே பதிலுக்குக் காத்திருந்தேன். பிறகு இறங்கி வந்தாள். நான் சொன்னபடியே இரண்டு தட்டிலும் சோறு போட்டேன்.

சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். குரல் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றுவிட்டாள், அவரும் ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அக்கா எப்படி ஆன்ட்டி வெறும் குரலாவாள் என்று வெளியே வந்து என்னைக் கேட்டாள். அப்புறம் அவள் நாட்டுப் பிள்ளைகள் விசாரித்து, பெங்களூரில் மனசு கஷ்டத்தில் இருக்கிறவர்களிடம் பேசி உதவுகிற ஒரு கென்யா நாட்டு கவுன்சிலர் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள், அவர்களுக்கு நீமாவின் பாஷையான ஸ்வாஹிலி தெரியும். முதல் நாள் வீடியோவில் இரண்டு மணி நேரம். தனியாக விட பயந்து நான் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒரு வருஷ அழுகை என்பது புரிந்தது. அக்கா இல்லை என்று அந்த அம்மா சொல்லவே இல்லையாம், அடக்கத்துக்குப் போயிருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய், இப்போது சொல் என்றார்களாம். டாக்டரிடமும் அவர்களே பேசினார்கள், மாத்திரை மாறியது. இப்போது தூங்குகிறாள், வகுப்புக்குப் போகிறாள். நான்கு நாளாக அக்கா வரவில்லை என்று செவ்வாய்க்கிழமை சொன்னாள், சொல்லிவிட்டு நெடுநேரம் என் கையை விடவில்லை.

அப்பாவிடம் சொல்லாத ஒன்று. அவளுக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்குத் தெரியாதபோது நான் அந்த வெறுங்கால் நடையைக் கேட்டேன். கவுன்சிலர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். உங்கள் மகளைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டார்கள். நான்கு என்றேன், அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீமாவின் அம்மாவிடம் போனில் பேசினேன், நீமாவே மொழிபெயர்த்தாள். பதினொரு மாதமாக வாராவாரம் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாளாம். நீயும் அதையேதான் சொல்கிறாய், மூன்று மாதமாக கேமராவைப் போடுவதில்லை. நான் திட்டமாட்டேன், பாஸ்டரிடமும் சொல்லமாட்டேன். அங்கே தமிழ் தெரிந்த கவுன்சிலர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரி. எனக்கு இங்கிலீஷிலேயே பதில் எழுது, பரவாயில்லை, உள்ளதை எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். வெயில் இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைக் காட்டு.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
மெட்டில்டா கிதியோன்