அடுப்பில் மாட்டிய வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். நாங்களும் சுகம் என்று எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், உடம்புக்குச் சுகம்தான் என்று வைத்துக்கொள். கீழ் வீட்டுத் தையல்கார அக்கா மோட்டார் மெஷின் வாங்கிவிட்டாள், ஒரே கடகட சத்தம், ஆனால் அப்பாவின் சட்டை மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டிலேயே இருந்து என் உயிரை வாங்குவார் என்று பயந்தேன், தப்பித்தேன். ஸ்டேஷன் பார்சல் அறையின் மாடியில் பழைய சிக்னல் காகிதங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்களே, அங்கேயேதான் குடியிருக்கிறார். முப்பது வருஷம் சிக்னல் கேபினில் லீவர் இழுத்த மனுஷன், வேறெங்கே போவார். நானும் கூடவே போகிறேன். சம்பளம் கிடையாது, டீ கூட நம் ஃபிளாஸ்க்தான். கேபின் வரைபடங்களும் பதிவேடுகளும் மூட்டை மூட்டையாக வருகின்றன, நான் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, சுருண்டதைப் பலகைக்கு அடியில் வைத்து நிமிர்த்துகிறேன். எது எதற்கான லீவர் என்று சொல்வது அப்பாவின் வேலை. அந்தக் காப்பகத்தின் தலைவர் ஒரு கணக்கு வாத்தியார், யாரையும் ரப்பரைத் தொட விடமாட்டார் என்பதால் அப்பா அவருக்கு ரப்பர் சார் என்றே பெயர் வைத்துவிட்டார். பழைய காகிதத்துல தப்பு இருந்தாலும் அழிக்கக் கூடாது, தப்பும் அன்னிக்கு நடந்ததுதானே, அது அப்படியே கிடக்கட்டும் என்பார் ரப்பர் சார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வெந்நீர் வைத்த பாத்திரம் அடுப்பிலேயே வற்றிக் கருகிவிட்டது. நான் வைக்கவில்லை என்றேன், நானும் வைக்கலடி என்றார் அவர். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், பேயா வந்து வைத்தது? அவருக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். போன வாரம் ஒரு வரைபடத்தைப் பார்த்து, இந்த லீவர் கிழக்குப் பக்கச் சிக்னலுக்கு என்று காலையில் அவர் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். சாயங்காலம் மேற்கு என்கிறார். கேட்டால், நான் எப்ப கிழக்குன்னு சொன்னேன் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ரப்பர் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் காப்பகத்தில் ஒரு இரும்பு வளையம் காணாமல் போனது. ஒரு தண்டவாளத்தில் ரயில் நிற்கும்போது மறந்துபோய் இன்னொரு ரயிலுக்கு அதே தண்டவாளத்துச் சிக்னலைக் கொடுத்துவிடக் கூடாது என்று கேபினில் லீவர் கைப்பிடியில் மாட்டுவார்களே, அந்த வளையம். பழக்கத்தில் கை போனாலும் அது தடுத்துவிடும். நாங்கள் எல்லோரும் மூட்டைகளைக் கலைத்துத் தேடினோம், உன் அப்பா மட்டும் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பால் காய்ச்சப் போனால், நம் அடுப்புத் திருகில் தொங்குகிறது அந்த வளையம்!

தூக்கிவாரிப் போட்டது. பாவம், தன் மறதி தனக்கே தெரிந்து தன் கையைத் தடுக்க மாட்டியிருக்கிறார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்காகவா மாட்டினீங்க என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையம் யாருக்குன்னு கேபின்ல கேக்க மாட்டாங்க, யார் கை வச்சாலும் நிக்கணும், இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு அடுப்பு பத்த வைப்போம் என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அவர் யார் கையைத் தடுக்கிறார்? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்? ரப்பர் சாரிடம் வளையத்தைக் கொடுத்துவிடலாம், அப்புறம் அடுப்புக்கு என்ன செய்வது? அவருக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்றால், வா, சேர்ந்தே போவோம் என்கிறார். எதற்கெடுத்தாலும் சேர்ந்தே, சேர்ந்தே.

அட, சொல்லவே மறந்துபோனேன், கீழ் வீட்டுத் தையல்கார அக்கா மோட்டார் மெஷின் வாங்கியிருக்கிறாள், சத்தம் காதைத் துளைக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வெளியே கிளம்பும்போது அடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. லீவு கிடைத்தால் வந்து அப்பாவைக் கொஞ்சம் கவனி.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

பி.கு. உறையில் போடும் முன் படித்துப் பார்த்தேன். தையல்கார அக்கா விஷயத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை, அது அப்படியே கிடக்கட்டும். அப்பாவைக் கவனி என்று எழுதினேனே, வந்தால் என்னையும் கவனி கண்ணு.