நீ காட்டிய பள்ளம்

இன்று வெள்ளிக்கிழமை. ஷெட்டுக்குப் பின்வீட்டில் யாரோ தலைமுழுக நல்லெண்ணெய் காய்ச்சுகிறார்கள். மிளகு பொரிகிற வாசனை தகரச் சந்து வழியாக உள்ளே வருகிறது. நான் ஒரு காரைத் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, பெயிண்டுக்கு முந்தின பூச்சான பிரைமர் அடிக்க நிற்கிறேன். கை ஓடவில்லை. உனக்கு எழுதிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. நீ போய் இரண்டு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

திருக்கோகர்ணத்தில் நான் தனியாக ஷெட் போட்ட புதிதில், நீ மதியச் சோறு கொண்டுவருவாய். தூக்குவாளியை வைத்த கையோடு, தேய்த்து வைத்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவாய். "ஏங்க, இங்கிட்டு ஒரு பள்ளம் கெடக்கு" என்பாய். எனக்கு ஒன்றும் தட்டுப்படாது. உப்புத்தாள் பிடித்துக் காய்த்துப்போன கை என்னுடையது. வண்டியை வெயிலில் நிறுத்தினால், நீ சொன்ன இடத்தில்தான் நிழல் நெளியும். பள்ளம் நிரம்ப மறுபடி பட்டி பூசி, காயவிட்டு, தண்ணீர் விட்டுத் தேய்ப்பேன். ஆலங்குடியில் கடலை பொறுக்கி வளர்ந்தவள் நீ. "பருப்பில்லாத பொக்குக் கடலையவே கண்டுபிடிச்சிரும் என் வெரலு, ஒங்க வண்டி எம்மாத்திரம்?" என்பாய். பெருமை கொஞ்சநஞ்சமா!

அந்த வெள்ளிக்கிழமையை மறந்திருக்க மாட்டாய். அன்னவாசல்காரர் ஒருவரின் வண்டி. அவர் மகள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள். நான் சொந்தமாக எடுத்த முதல் முழு பெயிண்ட் வேலை அது. கெட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பிரைமர் அடித்தேன். பானெட் முழுக்க மீன்கண் மாதிரி பொட்டுப் பொட்டாக ஒட்டாமல் விட்டுக்கொண்டது. கம்ப்ரசரைத் திட்டினேன். தின்னர் விற்ற கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கண்டபடி பேசினேன். நீ தூணோரம் நின்று மெதுவாகச் சொன்னாய். "அவரை ஏங்க வையிறீங்க? நீங்க தொடச்சப்பறம் நான்தான் தடவிப் பாத்தேன். காலையில எண்ணெ தேச்சுக் குளிச்சேன்ல..."

திரும்பிப் பார்த்தேன். பொட்டெல்லாம் உன் உள்ளங்கை போன வழியிலேயே இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட தகரத்தில் பிரைமர் பிடிக்காது.

"இனிமே என் வண்டியில கை வச்சே, பாத்துக்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். நீ அழவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் வாளியோடு உட்கார்ந்து, பானெட் பூராவையும் என்னோடு சேர்ந்து தேய்த்தாய். வண்டி கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் நீ எந்த வண்டியையும் தொடவில்லை. சோற்றை வைப்பாய், போய்விடுவாய். "வெயில்ல நெளியுதேண்ணே" என்று ஒவ்வொரு வண்டியாகத் திரும்பி வந்தது. எனக்கோ வறட்டுப் பிடிவாதம். நாலு மாதம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஒருநாள், "கொஞ்சம் வந்து பாரேன்" என்றேன்.

சீயக்காய் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "மோந்து பாருங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது." மோந்து பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். "ம், தொடு" என்றேன். "அட, துரை எறங்கி வந்துட்டாரே!" என்று சிரித்தாய். அன்றிலிருந்து உன் கை படாமல் ஒரு வண்டிக்கும் பிரைமர் ஏறவில்லை. எனக்குக் கைராசி என்று ஊர் சொன்னது. அது யார் கை என்று ஊருக்கு எங்கே தெரியும்?

கடைசியில் நோயில் விழுந்து நீ சாப்பிட்ட மருந்து விரல்களை மரக்க வைத்துவிட்டது. டம்ளர் நழுவும், "வழுக்குதுங்க" என்று சமாளிப்பாய். ஷெட்டுக்கு உன்னால் வர முடியாததால், பிரைமருக்குத் தயாரான வெள்ளைக் கார் ஒன்றை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கண்ணை மூடி, முன்கதவை வெகுநேரம் தடவினாய். "இங்கிட்டு இருக்குங்க."

நான் தடவினேன். வெயிலில் குனிந்து பார்த்தேன். அடிக்கோலை வைத்தும் பார்த்தேன். கதவு சுத்தமாக இருந்தது. பள்ளமே இல்லை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இருக்குதாங்க பள்ளம்?"

"இருக்கு புள்ள. எனக்குத் தெரியாமப் போச்சு பாரு."

ஷெட்டுக்குப் போய், நல்ல கதவில் நீ காட்டிய இடத்தில் பட்டி பூசினேன். காய்ந்ததும் அத்தனையையும் தேய்த்து எடுத்தேன். வண்டிக்காரர் வந்து குதித்தார். "வீட்டுல இன்னும் சரின்னு சொல்லலைங்க" என்றேன். மறுநாள் வண்டியை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்தேன். தடவிப் பார்த்தாய். "இப்பச் சரியா இருக்கு" என்றாய்.

இத்தனை வருஷத்தில் நீ தப்பாகச் சொன்னது அந்த ஒன்றுதான். சொல்லவே கூடாது என்றிருந்தேன், இன்றைக்குச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நான் பொய் சொன்னது உனக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்றும் ஒரு சந்தேகம். சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, கதவிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லியும் விடவில்லை. அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது, புள்ள.